கையெழுத்துப் போட்ட பிறகு நிலைமை மாறினால் நஷ்டம் யாருக்கு? சிங்கப்பூர் ஒப்பந்தச் சட்டம் பற்றிய முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 8-ஆம் தேதி இந்திய அரசு வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு அடுத்த வாரம், தேக்கா பக்கம் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கட்டுமான நிறுவனத்தில் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். அதனால் தெரிந்தவர்கள் காகிதத்தைக் காட்டி விவரம் கேட்பது வழக்கம். ஓர் உணவகத்துக்கு ஆறு மாதம், ஒரே விலையில், வாராவாரம் வெங்காயம் தருவதாக அவர் ஒத்துக்கொண்டிருந்தார். ஆதாரமாக இருந்தது ஒரு பக்கக் கொட்டேஷனும் சில வாட்ஸ்அப் செய்திகளும்தான்.

“கவர்மெண்டே தடை போட்டிருச்சு. இனி நான் என்ன பண்ண முடியும்? சட்டம் என் பக்கம்தானே தம்பி?”

கொட்டேஷனை வாங்கிப் பார்த்தேன். “பெரிய வெங்காயம், 20 கிலோ மூட்டை” என்று இருந்தது. நாசிக் என்று இல்லை, இந்தியா என்றே இல்லை. “அண்ணே, சீனாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வாங்கிக் கொடுத்தாலும் இந்தக் காகிதப்படி அது வெங்காயம்தானே?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

எதிர்பாராத மாற்றம் வரும்போது, “யாருக்கு அதிக நஷ்டம், யார் பாவம்” என்று சட்டம் முதலில் பார்ப்பதில்லை. “இந்த ஆபத்தை யார் ஏற்றுக்கொண்டது?” என்றுதான் பார்க்கிறது. காகிதத்தில் விடை இருந்தால் அந்த விடைதான். காகிதம் எதுவும் சொல்லவில்லை என்றால், பெரும்பாலும் வாக்குக் கொடுத்தவர் தலையில்தான் ஆபத்து நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நம் ஆட்கள் எத்தனையோ பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். அதனால்தான் படிப்படியாக எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம். பெரிய தொகை என்றால் காகிதங்களோடு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

முதல் படி: ஒப்பந்தம் எது என்று கண்டுபிடியுங்கள்

“எங்களுக்குள் ஒப்பந்தமே கிடையாது, வாய்ப்பேச்சுதான்” என்பார்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். கொட்டேஷன், அதற்கு வந்த “ஓகே” என்ற பதில், இன்வாய்ஸின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகள், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே இடத்தில் சேருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். கைப்பேசி மாற்றும்போது அழிந்துபோவது அதுதான்.

கூடவே எந்த நாட்டுச் சட்டம் என்பதையும் பாருங்கள். இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவும், மலேசியாவில் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும் இந்த விஷயத்தை எழுத்தில் சொல்கின்றன. சிங்கப்பூரில் அப்படி ஒரு பிரிவு இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்டமும் (காமன் லா, அதாவது பழைய தீர்ப்புகளிலிருந்து வளர்ந்த சட்டம்) நம் நீதிமன்றங்களின் தீர்ப்புகளும்தான் வழி. சென்னையில் இருக்கும் மைத்துனர் இணையத்தில் படித்துச் சொல்லும் 56-ஆம் பிரிவை இங்கே அப்படியே பொருத்த முடியாது.

இரண்டாம் படி: ஃபோர்ஸ் மஜூர் விதியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

தவிர்க்க முடியாத சூழல் வந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதும் விதிக்குத்தான் ஃபோர்ஸ் மஜூர் என்று பெயர். எங்கள் தொழிலில் எல்லோரும் அந்த பிரெஞ்சுப் பெயரையே சொல்கிறோம். பலர் நினைப்பதுபோல் இது சட்டம் தானாகக் கொடுக்கும் உரிமை கிடையாது. எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. எழுதியிருந்தாலும், எழுதிய அளவுக்குத்தான் உண்டு.

படிக்கும்போது முதலில் நிகழ்வுகளின் பட்டியலைப் பாருங்கள்: போர், வெள்ளம், தொற்றுநோய், அரசு உத்தரவு, மூலப்பொருள் தட்டுப்பாடு. உங்களுக்கு நேர்ந்தது அதில் இருக்கிறதா? அதைவிட முக்கியம் வினைச்சொல். “செய்ய முடியாமல் போனால்” என்று இருக்கிறதா, “இடையூறு ஏற்பட்டால்” என்று இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் லட்சக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கலாம்.

2011-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் வழக்கில் இதைத்தான் அலசியது. சப்ளை தடைப்பட்டால் விற்பவருக்குக் கடமை இல்லை என்று விதி சொன்னது. அடியோடு முடியாமல் போனால்தான் விதி பொருந்தும் என்று நீதிமன்றம் குறுக்கவில்லை. சப்ளைக்கு உண்மையான இடையூறு வந்தாலே அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று எடுத்துக்கொண்டது. ஆனால் விலை ஏறிவிட்டது என்பது மட்டும் போதாது. இந்த விதியின் பின்னால் ஒதுங்க நினைப்பவர், நிகழ்வைத் தவிர்க்கவும் அதன் விளைவைக் குறைக்கவும் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்பதும் நம் நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதுதான். மாற்று சப்ளையர் மூன்று பேரிடமாவது கேட்டீர்களா? கேட்ட மின்னஞ்சல் இருக்கிறதா? இல்லாவிட்டால் விதி எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் கைகொடுக்காது.

முயற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. 2024-இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் ஒரு கப்பல் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தப்படி டாலரில் தர வேண்டிய பணத்தை, பொருளாதாரத் தடை காரணமாக யூரோவில் தருகிறேன் என்று ஒரு தரப்பு சொன்னது. நியாயமான முயற்சி என்பதற்காக, ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை மறுதரப்பு ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டாயப்படுத்தாது, ஆனால் நம் நீதிபதிகள் மதித்துப் படிப்பவற்றில் இங்கிலாந்துத் தீர்ப்புகளும் உண்டு.

மூன்றாம் படி: இன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள்

விதியில் “7 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்” என்று இருந்தால் எட்டாம் நாள் அனுப்பிய கடிதத்தால் பயன் இல்லாமல் போகலாம். எங்கள் நிறுவனத்தில் ஒரு சப்-கான்ட்ராக்டர் முழு நியாயமும் தன் பக்கம் இருந்தும், தளத்தில் வாயால் சொல்லிவிட்டுப் போனதால் மாட்டிக்கொண்டார். என்ன நடந்தது, எந்த வேலை பாதிக்கப்படும், எத்தனை நாள், நீங்கள் என்ன முயற்சி செய்கிறீர்கள்: நாலு வரி போதும். “இனி தர முடியாது” என்று மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்று பின்னால் தெரிந்தால், ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள்தான் என்று ஆகிவிடும். “உரிமைகளைத் தக்கவைத்துக்கொண்டு அறிவிக்கிறோம்” என்ற ஒரு வரியைச் சேருங்கள்.

நான்காம் படி: விதி இல்லாவிட்டால், ஒப்பந்தம் செத்துவிட்டதா என்று பாருங்கள்

ரொம்பக் காலத்துக்கு இங்கிலாந்துச் சட்டம் இரக்கமே காட்டவில்லை. 1647-இல் ஒரு குத்தகைதாரர், இளவரசர் ரூபர்ட்டின் படை நிலத்தைப் பிடித்துக்கொண்டு தன்னைத் துரத்திவிட்டது, எப்படி வாடகை தருவது என்று கேட்டார். கொடுத்தே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். நிபந்தனை இல்லாமல் வாக்குக் கொடுத்தவர் அதைக் காப்பாற்ற வேண்டும்.

1863-இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. லண்டனில் நான்கு நாள் கச்சேரிக்குப் பேசிய சர்ரே கார்டன்ஸ் இசை அரங்கம் நிகழ்ச்சிக்கு முன்பே எரிந்து சாம்பலானது. இரு தரப்பும் அரங்கம் இருக்கும் என்ற அடிப்படையில் பேசியிருந்தார்கள், அந்த அடிப்படையே போய்விட்டது, ஆகவே இருவருக்கும் கடமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. இதைத்தான் ஃபிரஸ்ட்ரேஷன் என்கிறோம். ஒப்பந்தம் யார் தவறும் இல்லாமல் தானாக முடிந்துபோவது.

1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழா நோயால் தள்ளிப்போனது. ஊர்வலம் பார்க்க லண்டன் பால்மால் தெருவில் இரண்டு நாளைக்கு 75 பவுண்டுக்கு அறை பேசியவர் மீதிப் பணம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. அறை அப்படியே இருந்தது, ஊர்வலம்தான் இல்லை. ஆனால் அதே விழாவை ஒட்டிய கடற்படை அணிவகுப்பைப் பார்க்கப் படகு பேசியவர் தோற்றார். மன்னர் வராவிட்டாலும் கப்பல்கள் நின்றன, சுற்றிப் பார்த்திருக்கலாம் என்பது காரணம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்று புரியும்: ஒப்பந்தத்தின் உயிர் எதில் இருந்தது?

செலவு கூடியதற்கு இது மருந்து கிடையாது. 1956-இல் ஒரு வழக்கு. 78 வீடுகளை 8 மாதத்தில் கட்ட ஒத்துக்கொண்ட ஒப்பந்தக்காரருக்கு, ஆள் பற்றாக்குறையால் 22 மாதம் ஆனது. கூடுதல் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. அதே ஆண்டு சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. சூடானிலிருந்து ஜெர்மனிக்கு வேர்க்கடலை அனுப்ப ஒத்துக்கொண்டவர், ஆப்பிரிக்காவைச் சுற்றி அனுப்பியிருக்க வேண்டும் என்று பின்னர் முடிவானது. செங்கடலில் தாக்குதல் நடக்கிறது, சரக்குக் கட்டணம் ஏறிவிட்டது என்று அண்மை ஆண்டுகளில் சொன்னவர்களுக்கும் இதே பழைய பதில்தான் காத்திருந்தது.

சிங்கப்பூரில் இந்தக் கோட்பாடு பெரிய அளவில் சோதிக்கப்பட்டது மணலால். 2007 தொடக்கத்தில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தது. அப்போது இங்கே கான்கிரீட்டுக்கு அந்த மணல்தான் ஆதாரம். ஒரே மாதத்தில் விலை எகிறியது, தளங்களில் வேலை நின்றது, அரசு தன் கையிருப்பு மணலை வெளியிட்டது. அந்தச் சமயத்தில் கான்கிரீட் ஊற்றும் வேலை நடந்த தளங்களில் இருந்தவர்களுக்கு அந்தப் பதற்றம் மறந்திருக்காது. ஒரு கான்கிரீட் சப்ளையருக்கும் ஜப்பானிய முதன்மை ஒப்பந்தக்காரருக்கும் நடந்த வழக்கு 2014 வரை இழுத்தது. இந்தோனேசிய மணல்தான் வரும் என்று இரு தரப்பும் மனதில் வைத்தே பேசியிருந்தார்கள், தடையால் அந்த அடிப்படை விழுந்தது, ஒப்பந்தம் முடிந்துபோனது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. சப்ளையர் மட்டும் தன் மனதில் வைத்திருந்த மூலம் என்றால் அது அவருடைய பாடு. இருவரும் சேர்ந்து நம்பியிருந்தால் கதை வேறு.

இப்போது வெங்காய அண்ணனிடம் திரும்புவோம். காகிதத்தில் இந்தியா இல்லை. சரி, இருவரும் இந்திய வெங்காயம் என்றே நம்பினார்கள் என்று நிரூபிக்க முடியுமா? உணவகத்தார் “நாசிக் வெங்காயம்தானே?” என்று கேட்ட செய்தி இருந்திருந்தால் மணல் வழக்கின் பக்கம் நகர்ந்திருக்கலாம். தேடினோம், இல்லை. அடுத்த சிக்கல் தேதி. 2023 ஆகஸ்டில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது. அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 அமெரிக்க டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை வைத்தது. அவர் கொட்டேஷன் கொடுத்தது நவம்பரில். வரப்போவதற்கு அறிகுறி தெரிந்தும் ஒன்றும் எழுதாமல் நிலையான விலை கொடுத்தவர், அந்த ஆபத்தைத் தானே ஏற்றுக்கொண்டார் என்றுதான் நீதிமன்றம் பார்க்க வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே ஊகிக்க முடிந்த எல்லாவற்றுக்கும் கதவு அடைபட்டுவிடும் என்று இல்லை, ஆனால் எடை அந்தப் பக்கம் சாயும்.

மூன்றாவதாக ஒன்று கேட்டேன். “குடோன்ல இருந்த சரக்கு என்ன ஆச்சு அண்ணே?” அதை ஏறிய விலைக்கு வேறு கடைகளுக்குக் கொடுத்துவிட்டார். இந்த இடத்தில் வழக்கு முடிந்தே போகும். தன் சொந்தத் தேர்வால் வந்த முடியாமையை ஃபிரஸ்ட்ரேஷன் என்று சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. கையில் குறைவாக இருக்கும்போது யாருக்குக் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்தால், கிடைக்காதவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

உண்மையாகவே ஒப்பந்தம் முடிந்துபோகும் சூழல்களும் உண்டு. வீடு விற்பனை முடிவதற்குள் அரசு நிலத்தைக் கையகப்படுத்திய வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. செய்வதே சட்டவிரோதமாகிவிட்டாலும் அப்படியே. கடை வாடகை போன்ற நீண்ட குத்தகையில் மட்டும் ரொம்ப நம்பிக்கை வைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பத்தாண்டுக் குத்தகையில் இருபது மாதம் வழி மூடப்பட்டும் குத்தகை நிற்கும் என்றே சொன்னார்கள்.

ஐந்தாம் படி: பணக் கணக்கைப் போடுங்கள்

ஒப்பந்தம் முடிந்துபோனது என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த பணம்? இதற்குச் சிங்கப்பூரில் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, பயனற்றுப்போன ஒப்பந்தங்களுக்கென்றே எழுதியது. ஒரு கணக்கு: திருமண விருந்து கேட்டரிங் 18,000 வெள்ளி. முன்பணம் 5,000 கொடுத்தாகிவிட்டது. ஒப்பந்தம் முடிந்துபோன நாளுக்கு முன் கேட்டரிங்காரர் 3,200 வெள்ளி செலவு செய்திருக்கிறார்.

மீதி 13,000 வெள்ளி விருந்தன்று தர வேண்டியது என்றால், இனி தர வேண்டாம். கொடுத்த 5,000 திரும்பக் கிடைக்க வேண்டியது. ஆனால் செலவான 3,200 வரை பிடித்துக்கொள்ள நீதிமன்றம் நியாயம் பார்த்து அனுமதிக்கலாம். முழுதும் தரும் என்று கட்டாயம் இல்லை. முன்பணமே வாங்காமல், அதற்குள் தர வேண்டிய தவணையும் இல்லாமல் இருந்தால், கேட்டரிங்காரர் அந்தச் செலவை இந்த வழியில் கேட்கவே முடியாது. மறுதரப்புக்கு ஏதாவது மதிப்புள்ள பலன் போய்ச் சேர்ந்திருந்தால் அதற்குத் தனியாகக் கேட்கலாம், அவ்வளவே. தெரிந்தவர் என்று முன்பணம் கேட்கக் கூச்சப்படும் நம் சமையல்காரர்களும் அலங்காரக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். காப்புறுதி ஒப்பந்தங்களுக்கும் சிலவகைக் கப்பல் ஒப்பந்தங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. ஒப்பந்தத்திலேயே வேறு ஏற்பாடு எழுதியிருந்தால் அதுதான் முன்னுக்கு வரும்.

ஒப்பந்தம் முடிந்துபோகவில்லை, வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டார் என்றால் டெபாசிட் கணக்கு வேறு. உறுதிப்பணமாக வாங்கிய நியாயமான டெபாசிட்டை வைத்துக்கொள்ளலாம். மொத்தத் தொகையில் பாதியை வாங்கிவிட்டு அதற்கு டெபாசிட் என்று பெயர் மட்டும் வைத்தால் நிற்பது கடினம்.

கொவிட் காலத்தை நினைத்துக்கொண்டு “அப்போது டெபாசிட் திரும்பக் கிடைத்ததே” என்று பலர் சொல்கிறார்கள். என் தங்கையின் திருமணமும் 2020-இல்தான். மண்டபக்காரர் டெபாசிட் போனது போனதுதான் என்றார், அம்மா இரண்டு இரவு தூங்கவில்லை. எங்களைக் காப்பாற்றியது பொதுச் சட்டம் இல்லை. 2020 ஏப்ரல் 7-ஆம் தேதி, நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை என்ற ஊரடங்கு தொடங்கிய அதே நாள், நாடாளுமன்றம் தற்காலிகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2020 மார்ச் 25-க்கு முன் செய்த சிலவகை ஒப்பந்தங்களுக்கு, நிகழ்ச்சி ஒப்பந்தங்கள் உட்பட, ஏப்ரல் 20 முதல் நிவாரணம் வந்தது. அறிவிப்புக் கொடுத்தால் டெபாசிட்டைப் பறிக்க முடியாது. தகராறு வந்தால் வழக்கறிஞர் இல்லாமல் மதிப்பீட்டாளர் முடிவு செய்வார். தனியாகச் சட்டம் போட வேண்டி வந்தது என்பதே பொதுச் சட்டம் எவ்வளவு இறுக்கமானது என்பதற்குச் சாட்சி. அந்த நிவாரணம் அந்தக் காலத்தோடு சரி, அடுத்த நெருக்கடிக்கு அதை நம்பி இருக்க முடியாது.

ஆறாம் படி: பேசுங்கள், பேசியதை எழுதுங்கள்

வெங்காய அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான். வழக்கில் நிற்காது, உணவகத்தாரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். போனார். சீன வெங்காயம், கூடிய விலையில் பாதியை அண்ணன் ஏற்பது, பதிலுக்கு ஒப்பந்தம் மேலும் மூன்று மாதம் நீள்வது என்று முடிந்தது. இரண்டு பக்கமும் ஏதாவது கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் விட்டுக்கொடுத்தால், பிரதிபலன் இல்லை என்று திருத்தமே பின்னால் கேள்விக்குள்ளாகலாம். இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கம் போதும்.

பேசியும் தீராவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான சரக்கு, சேவைத் தகராறுகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இருவரும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை, விண்ணப்பம் இணையத்திலேயே. உரிமை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு மேல் தொகை என்றால் வழக்கமான நீதிமன்றம், பொதுவாக 6 ஆண்டு வரை.

ஏழாம் படி: அடுத்த கொட்டேஷனில் இதை எழுதுங்கள்

பெரிய நிறுவனத்தின் இருபது பக்க விதியை இணையத்திலிருந்து நகல் எடுக்க வேண்டாம். உங்கள் தொழிலில் எது உண்மையில் தவறும் என்று யோசியுங்கள். சமையல்காரருக்குக் கோழி. 2022 ஜூன் 1-ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே உயிர்க்கோழி வரத்து நின்றே போனது. கட்டுமானத்தில் மணல், ஆள், கம்பி. மளிகைக்கு அரிசியும் வெங்காயமும். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் இந்தியா தடை போட்டது நினைவிருக்கும்.

அண்ணனுக்கு எழுதிக் கொடுத்ததன் சாரம் இது: “சரக்கு இந்தியாவிலிருந்து வருவது. ஏற்றுமதித் தடை, புதிய வரி, துறைமுக முடக்கம், நோய்ப்பரவல் ஆகியவற்றால் சப்ளை தடைப்பட்டாலோ, இடையூறு ஏற்பட்டாலோ, அல்லது எங்கள் கொள்முதல் விலை 15 விழுக்காட்டுக்கு மேல் கூடினாலோ, 3 வேலை நாளில் எழுத்தில் தெரிவிப்போம். மாற்று நாட்டுச் சரக்கையும் அதன் விலையையும் சொல்வோம். 14 நாளில் உடன்பாடு வராவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முடிக்கலாம். கையிருப்பு எல்லா ஒப்பந்த வாடிக்கையாளருக்கும் அவரவர் அளவுக்கேற்பப் பிரித்துத் தரப்படும். முன்பணத்தில் செலவான தொகையை ரசீதோடு கழித்து, மீதி 10 நாளில் திருப்பித் தரப்படும்.”

கடைசி இரண்டு வரியும் வாங்குபவருக்கு நல்லவை. விற்பவரை மட்டும் காக்கும் விதியை வாடிக்கையாளர் கையெழுத்திடத் தயங்குவார். நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கான சட்டமும் சிங்கப்பூரில் இருப்பதால், ஒருதலையான விதியை நீதிமன்றம் ஒதுக்கிவிடவும் கூடும். விதியை இன்வாய்ஸின் பின்பக்கத்தில் போட வேண்டாம், சரக்கு வந்த பிறகு கையில் கிடைக்கும் நிபந்தனை காலம் கடந்தது. கொட்டேஷனில், மொத்தத் தொகைக்கு நேர் கீழே, கையெழுத்துக் கோட்டுக்கு மேலே போடுங்கள். அண்ணன் இப்போது அந்தப் பத்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, வாடிக்கையாளரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே பேனாவை நீட்டுகிறார்.